இதை எங்க வைக்கப் போறியள்?

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடற்கரையோரக் கிராமமொன்றில் ஒரு தாத்தாவின் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். அவர் உள்ளே போய், பழைய வேட்டித் துண்டால் சுற்றிய ஓர் அல்பத்தைக் கொண்டுவந்து எங்கட கையில் தந்தார். 1995 இடப்பெயர்வில் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிய மூன்று சாமான்களில் அதுவும் ஒன்று. மற்ற இரண்டும் இப்போது இல்லை. நாங்கள் படங்களை ஒவ்வொன்றாக ஸ்கான் பண்ணிக்கொண்டிருக்க, அவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"பிள்ளையள், இதை எங்க வைக்கப் போறியள்?"

"கம்பஸில, தாத்தா. கொம்பியூட்டரில."

"அந்தக் கொம்பியூட்டர் எங்க இருக்கு?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். உண்மையான பதில் இதுதான்: எங்களில் ஒருத்தியின் ஹொஸ்டல் அலுமாரியில், உடுப்புக்குக் கீழே, இரண்டு போர்ட்டபிள் ஹாட் டிஸ்க். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பத்திரமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

நாங்கள் கலைப்பீடத்து நாலு பேர். ஒருத்தி வரலாறு, ஒருத்தன் தமிழ், ஒருத்தி புவியியல், ஒருத்தன் ஊடகக் கற்கை. முதலாம் வருஷத்திலிருந்து வயசான ஆக்களின் கதைகளைக் குரலாகப் பதிகிறோம், வீட்டு அல்பங்களை ஸ்கான் பண்ணுகிறோம். பெரிய திட்டம் என்று சொல்ல ஏலாது. சனி ஞாயிறில் பஸ் ஏறிப் போவதுதான். ஆனால் அந்த முதலாம் வருஷத்திலேயே எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா ஐந்து மணித்தியாலம் கதைத்திருந்தா. கலியாணப் பாட்டு, நெல்லுக் குத்துற பாட்டு, பங்கருக்குள் பிள்ளைப்பேறு பார்த்த கதை எல்லாம் அதில் இருந்தது. ஒரே ஒரு டிஸ்க்கில் வைத்திருந்தோம். அது மேசையிலிருந்து விழுந்தது. திரும்ப ஒருக்கா பதிவோம் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்க, அம்மம்மா மார்கழியில் செத்துப்போனா. டிஸ்க்கை இன்னும் எறியவில்லை. குலுக்கினால் உள்ளே ஏதோ கிலுங்கும்.

அதனால்தான், கணினிப் பிரிவுக்குப் பழைய மாணவர் ஒருவர் புதிய சேர்வர் வாங்கக் காசு தருகிறார் என்று கேள்விப்பட்டவுடன், சேரின் அறை வாசலில் போய் நின்றோம். "உங்களுக்கென்ன இதில வேலை?" என்று அவர் கேட்கவில்லை. "பாவிக்கிற ஆக்களும் கூட்டத்தில இருக்கிறது நல்லதுதான்" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டார். இப்படித்தான் சேர்வர் என்றால் கறுப்புப் பெட்டி என்று மட்டும் தெரிந்த நாலு பேர், மூன்று மாதம் சேர்வர் தெரிவுக் கூட்டங்களில் இருந்தோம். அங்கே படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். உங்களில் யாருக்காவது நாளைக்கு ஒரு சனசமூக நிலையத்திலோ, பாடசாலையிலோ இந்தக் கேள்வி வரக்கூடும்.

சேரின் திட்டம் ஒரு பெரிய பெட்டி வாங்குவது அல்ல. சின்னச் சின்னப் பெட்டிகள் சிலவற்றை வலையமைப்பால் இணைத்து, எல்லாவற்றின் டிஸ்க்குகளையும் ஒரே களஞ்சியமாக்குவது. அதைச் செய்கிற மென்பொருளின் பெயர் செஃப். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸில் சேஜ் வைல் என்பவர் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்விலிருந்து வந்தது. 2006-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. இப்போது திறந்த மூல மென்பொருள், காசு இல்லை. ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடம்கூடப் பாவிக்கிறது. பெயர் கணவாய் இனத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து சுருக்கியது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அந்தக் கடல் உலகத்திலிருந்துதான் பெயர் வைக்கிறார்கள். 2024-இல் வந்ததன் பெயர் கணவாயேதான். கரையோரப் பிள்ளைகளான எங்களுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று.

அது வேலை செய்கிற விதம் எங்களுக்கு விளங்கியது தமிழ் படிக்கிறவனால்தான். ஒரு கோப்பைக் கொடுத்தால் செஃப் அதைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் மூன்று வெவ்வேறு சேர்வர்களில் வைக்கும். கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு தடவை எல்லாப் பிரதிகளையும் எடுத்து வாசித்து, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, பழுதானதைக் கண்டுபிடிக்கும். "இது பாடபேதம் பாக்கிறதெல்லோ!" என்றான் அவன். சி.வை. தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஊர் ஊராக ஏடு தேடியதும் இதற்குத்தானே. ஒரு ஏட்டில் செல்லரித்த இடம் இன்னொரு ஏட்டில் தப்பியிருக்கும். சிறுப்பிட்டியில் பிறந்த மனிசன் கையால் செய்ததைத்தான் இந்தக் கணவாய் தானாகச் செய்கிறது.

எங்கே எது இருக்கிறது என்ற வரைபடத்தைக் காக்க, கண்காணிக்கிற நிரல்கள் தனியாக உண்டு. அவை வழமையாக ஒற்றை எண்ணிக்கையில், மூன்று அல்லது ஐந்து. பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால்தான் தீர்மானம் எடுக்கும். மாணவர் ஒன்றியக் கூட்டத்தில் கோரம் இல்லாமல் எத்தனை தரம் திரும்பி வந்திருப்போம்! அதே சட்டம்தான்.

அடுத்தது, ஏன் முழுக்க ஃபிளாஷ்? இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் நாங்கள்தான் கேட்டோம், கொஞ்சம் பயந்து பயந்து. ஃபிளாஷ் நினைவகத்தை 1980-களில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தார். ஒரே அடியில் அழிகிற விதம் கமராவின் ஃபிளாஷை நினைவுபடுத்தியதால் கூட வேலை செய்த ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னாராம். ஹாட் டிஸ்க்கில் தட்டுச் சுற்ற வேண்டும், ஊசி நகர வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற சின்னக் கோப்புகளை எடுக்கச் சொன்னால் செக்கனுக்கு நூறு, நூற்றைம்பது தடவைதான் அதால் ஏலும். ஃபிளாஷ் அதையே பல்லாயிரம் தடவை செய்யும்.

"ஆனா எங்கட குரல்களுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லைத்தானே, சேர்?" என்றோம்.

சேர் சிரித்தார். "இல்லைத்தான். உங்களுக்கு மட்டும் எண்டா ஹாட் டிஸ்க் காணும். ஆனா இதில பீடங்களின்ர வேர்ச்சுவல் மெஷின்கள் ஓடும், டேட்டாபேஸ் ஓடும். ஒரே நேரத்தில நூறு பேர் கையை நீட்டுவினம்."

அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்தது. எங்கட தேவைக்காக ஃபிளாஷ் வாங்கவில்லை. மற்றவர்களின் தேவையில் நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம். இதைத் தெரிந்து வைத்திருந்தது பிறகு உதவியது.

மூன்று விலைமனுக்கள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் விலை 7 நாளுக்கு மட்டும் என்று இருந்தது. டொலர் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாதே. 2022-ஐ ஏ.எல் புத்தகத்தோடு கழித்த எங்களுக்கு அந்த வரியை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முதலாவதுதான் ஆகக் குறைந்த விலை. கேம் விளையாடுகிறவர்கள் வாங்குகிற எஸ்.எஸ்.டிகள். விளம்பரத்தில் செக்கனுக்கு 7,000 மெகாபைட் என்று பெரிய எழுத்தில். நாங்கள் உடனே "இது நல்லம்போல" என்றோம். கணினி விஞ்ஞானம் படிக்கிற அண்ணா ஒருவர் தலையில் கை வைத்தார். அவர் விளங்கப்படுத்தியது இப்படி: செஃப் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் டிரைவிடம் "உண்மையா எழுதியாச்சோ?" என்று கேட்டு, "ஓம்" என்ற பதில் வந்த பிறகுதான் அடுத்த அடி வைக்கும். சேர்வருக்கென்று செய்த டிரைவ்களில் சின்ன மின்தேக்கிகள் இருக்கும். கறண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்க அதில் சக்தி உண்டு. அதனால் அது தைரியமாக உடனே "ஓம்" சொல்லும். வீட்டுப் பாவனை டிரைவ்களில் பெரும்பாலும் அது இல்லை. ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷ்வரை எழுதி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அப்போது 7,000 என்ற அந்த எண் எங்கேயோ போய்விடும், சில வேளை ஹாட் டிஸ்க்கின் நிலைமைக்கே வந்துவிடும். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்த நாட்டில், கறண்ட் போகிற நேரத்தில் என்ன நடக்கும் என்பதுதான் முதல் கேள்வி. பெட்டியில் போட்டிருக்கிற வேகம் பிறகு.

எழுதி எழுதித் தேய்கிற கணக்கையும் அண்ணா காட்டினார். சேர்வர் டிரைவ்களுக்கு "ஒரு நாளைக்கு எத்தனை தரம் முழுசா எழுதலாம்" என்ற அளவு ஒன்று இருக்கிறது. 3.84 டெராபைட் டிரைவ் ஒன்று ஐந்து வருஷத்துக்கு நாளைக்கு ஒரு தரம் என்றால், மொத்தம் 7,008 டெராபைட். எங்கட வேலைக்கு இது தாராளம். நாளைக்கு மூன்று தரம் எழுதக்கூடிய விலை கூடின வகை தேவையில்லை என்று அன்றைக்கே வெட்டினோம். நாங்கள் மிச்சம்பிடித்த முதல் காசு அது.

மீதி இரண்டு விலைமனுவும் கிட்டத்தட்ட ஒரே விலை. இரண்டிலும் நல்ல டிரைவ்கள். ஒன்றில் 3 பெரிய சேர்வர், ஒவ்வொன்றிலும் 8 டிரைவ். மற்றதில் 5 சின்ன சேர்வர், ஒவ்வொன்றிலும் 4 டிரைவ். கணக்குப் போட்டோம்.

மூன்று பெட்டி என்றால் மொத்தம் 92.16 டெராபைட். மூன்று பிரதி என்பதால் மூன்றால் பிரிக்க 30.72. ஐந்து பெட்டி என்றால் 76.8, மூன்றால் பிரிக்க 25.6. கூட்டத்தில் இருந்த பலருக்கு 30.72 கண்ணைப் பறித்தது. அதே காசுக்குக் கூட இடம் கிடைக்கிறதே, பிறகென்ன?

புவியியல்காரி அப்போதுதான் கேட்டாள். "சேர், மூண்டு பெட்டியில ஒண்டு செத்தா, மூண்டாவது பிரதி எங்க போய் இருக்கும்?"

சேர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பதில், ஒரு இடமும் இல்லை. மிச்சம் இரண்டு பெட்டிதான். செத்த பெட்டியைத் திருத்தும்வரை இரண்டு பிரதியோடு காலம் தள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து இன்னொரு டிரைவும் போனால், அதில் இருந்த துண்டுகளுக்கு ஒரே ஒரு பிரதி. வழமையான அமைப்பில் செஃப் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிடும். ஒற்றைப் பிரதியை நம்பி எழுதவோ வாசிக்கவோ விடாது. இங்கே ஒரு தாய்ப்பலகை பழுதானால் உதிரிப்பாகம் வர எத்தனை வாரம் எடுக்கும் என்பதைக் கணினிப் பிரிவு ஆட்களே சொன்னார்கள்.

ஐந்து பெட்டி என்றால் ஒன்று செத்தாலும் மீதி நாலும் தங்களுக்குள் பிரதியைத் திரும்ப ஆக்கிக்கொள்ளும். யாரும் இரவு எழும்பி ஓட வேண்டியதில்லை. அதற்கு இடம் விட்டுவைக்க வேண்டும். நாலு பெட்டியில் 61.44, மூன்றால் பிரிக்க 20.48, அதிலும் 85 வீதத்துக்கு மேல் நிரம்பினால் செஃப் எச்சரிக்கை போடத் தொடங்கும். ஆகவே நிம்மதியாகப் பாவிக்கக்கூடியது 17.4 டெராபைட்தான். 76.8 வாங்கி 17.4 பாவிப்பது! வீட்டில் சொன்னால் அடிப்பார்கள். ஆனால் மிச்சம் எல்லாம் வீண் இல்லை. அம்மம்மாவின் ஐந்து மணித்தியாலத்துக்கு அந்த மிச்சம் இருந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அண்ணா ஓர் உதாரணம் காட்டினார். 2024 தொடக்கத்தில் ஒரு குழு, 600-க்கு மேற்பட்ட ஃபிளாஷ் டிரைவ்களோடு செஃப்பை ஓட்டி, செக்கனுக்கு ஒரு டெராபைட்டுக்கு மேல் வாசித்துக் காட்டியது. அங்கேயும் ராட்சதப் பெட்டிகள் இல்லை. ஒரு சி.பி.யூ, பத்து டிரைவ் கொண்ட மெல்லிய பெட்டிகள் அறுபதுக்கு மேல். அதிலும் முதலில் வேகம் வரவே இல்லையாம். சி.பி.யூ மின்சாரம் மிச்சம்பிடிக்கத் தூங்கித் தூங்கி எழும்பியது ஒரு காரணம். அந்த வசதியை நிறுத்திய பிறகு கூடியது. சாமான் நல்லதாக இருந்தால் மட்டும் காணாது, அதைப் பராமரிக்கிற ஆளும் வேணும்.

மற்றவை கெதியாக முடிந்தன. "ரம் எவ்வளவு வேணும்?" என்று அண்ணா கேட்க, எங்கட ஊடகக் கற்கைக்காரன் "அது ஆக்களைப் பொறுத்தது" என்றான். சேருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு டிரைவுக்குக் குறைந்தது 4 கிகாபைட், நாலு டிரைவுக்கு 16, மற்ற வேலைகளுக்கும் மேலதிகமாக வைத்து 64 என்று முடிவானது. ரெய்ட் கார்ட் வேண்டாம் என்று எடுத்தோம். டிரைவ்களை செஃப் நேரடியாகப் பார்க்க வேண்டும், நடுவில் தரகர் தேவையில்லை. டிரைவ்கள் முன்பக்கத்தால் கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்டோம். வலையமைப்பு 10 கிகாபிட் என்றால் செக்கனுக்கு 1.25 கிகாபைட்தான், ஒரு நல்ல டிரைவே அதைத் தனியாக நிரப்பிவிடும். எழுதுகிற ஒவ்வொன்றும் மற்ற இரண்டு பெட்டிக்கும் அதே வயரால்தான் போக வேண்டும். ஆகவே 25 கிகாபிட்.

இனித்தான் சண்டை. 25 கிகாபிட் சுவிட்சையும் யூ.பி.எஸ்ஸையும் சேர்க்கக் காசு சரியாக முடிந்தது. அப்போது நாங்கள், "சேர், வேற இடத்தில ஒரு பிரதி வைக்கிறதுக்கு?" என்றோம்.

"மூண்டு பிரதி இருக்கெல்லோ" என்றார் கூட்டத்தில் இருந்த ஒருவர்.

மூன்றும் ஒரே அறையில். வரலாறு படிக்கிறவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். "யாழ்ப்பாண நூலகத்தில 97,000 புத்தகம் இருந்தது, சேர். எல்லாம் ஒரே கட்டடத்தில." 1981-ஐ எல்லாவற்றுக்கும் இழுக்கிறோம் என்று எங்களையே நாங்கள் பகிடி பண்ணுவதுண்டு. அன்றைக்கு அது பகிடியாக இருக்கவில்லை. அதோடு, மூன்று பிரதி தவறுதலாக அழிப்பதிலிருந்து காப்பாற்றாது. ஒருத்தர் அழி என்று கட்டளை குடுத்தால், மூன்று பிரதியும் கீழ்ப்படிவாக அழியும்.

எதையாவது குறைக்க வேண்டும். முன்னர் கேட்ட கேள்வி இங்கேதான் கைகொடுத்தது. எங்கட சேகரிப்பு அப்போது 6 டெராபைட். அதற்கு ஃபிளாஷ் வேகம் தேவையில்லை என்று நாங்களே ஒத்துக்கொண்டிருந்தோம். சி.பி.யூவை ஒரு படி கீழே இறக்கி, அந்தக் காசில் ஹாட் டிஸ்க்குகள் வாங்கித் தரச் சொன்னோம். சேர் இரண்டு நாள் எடுத்து ஓம் என்றார். ஏன் அதற்கும் எஸ்.எஸ்.டி வாங்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஃபிளாஷ் என்பது சின்னக் கூடுகளுக்குள் அடைத்த மின்னேற்றம். கறண்ட் இல்லாமல் அலுமாரியில் வைத்தால் மெதுமெதுவாகக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்த சேர்வர் டிரைவ் ஒன்றுக்கு, 40 பாகை வெக்கையில் மூன்று மாதம்தான் தரநிர்ணயம் கேட்கிறது. எங்கட ஊர்ச் சித்திரை வெய்யில் அலுமாரிக்குள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

தை மாதம் ஐந்து பெட்டியும் வந்தன. பூட்டி, ஓடவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை சேர் எல்லோரையும் கூப்பிட்டார். எங்கட சேகரிப்பிலிருந்து ஒரு குரலைப் போடச் சொன்னார். கருவாடு போடுகிற விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் குரல். அது ஓடிக்கொண்டிருக்க, "மூண்டாவது பெட்டியின்ர வயரைப் பிடுங்குங்கோ" என்றார். பிடுங்கினோம். குரல் நின்றது. ஒரு செக்கன், இரண்டு, பத்து. எங்களுக்கு அந்த விழுந்த டிஸ்க்தான் நினைவுக்கு வந்தது. பிறகு அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து "உப்பைக் கூடப் போட்டாலும் பழுது" என்று தொடர்ந்தா. திரையில் எச்சரிக்கை மஞ்சளாக எரிந்தது. 10 நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெட்டி இனி வராது என்று முடிவெடுத்து, கணவாய் காணாமல்போன பிரதிகளை மற்ற நாலு பெட்டியிலும் திரும்ப எழுதத் தொடங்கியது. யாரும் கை தட்டவில்லை. நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மம்மாவின் பேத்தி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ஹாட் டிஸ்க் பிரதிக்கு இன்னும் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. இப்போதைக்கு மாதத்துக்கு ஒருக்கா, எங்களில் ஒருத்தர் பஸ்ஸில் வவுனியாவுக்குக் கொண்டுபோய் ஒரு வீட்டு அலுமாரியில் வைக்கிறோம். முந்தின மாதத்தையதைத் திருப்பிக் கொண்டுவந்து ஒத்துப் பார்க்கிறோம். பஸ்ஸில் மடியில் வைத்திருப்போம், மேலே தட்டில் வைக்கமாட்டோம்.

போன மாதம் அந்தத் தாத்தாவிடம் திரும்பப் போனோம். இந்த முறை பதில் இருந்தது. கம்பஸில் ஐந்து பெட்டி, அதில் மூன்று பிரதி, வவுனியாவில் ஒன்று என்று சொன்னோம். கணவாய்க் கதையையும் சொன்னோம். எல்லாம் கேட்டுவிட்டு, அல்பத்தை அதே வேட்டித் துண்டால் திரும்பச் சுற்றினார்.

"அப்ப நாலு" என்றார். "இதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கோ. அஞ்சு."